அகாரில் குழி பறித்த மஞ்சள் காலனி

கடல்நீரிலிருந்து ஒரு பாக்டீரியாவைப் பிரித்தெடுக்க ஓரிரு வாரம் போதும். அதற்கு இதுவரை யாரும் பெயர் வைக்கவில்லை என்று நிரூபிக்கத்தான் வருடக்கணக்கில் ஆகிறது. கோவளம் கடலில் எடுத்த நீரிலிருந்து எங்கள் ஆய்வகத்துக்கு வந்து சேர்ந்த ஒரு மஞ்சள் காலனியை (கண்ணுக்குத் தெரியும் அளவுக்குப் பெருகிய பாக்டீரியாக் கூட்டத்தை) வைத்து நாங்கள் செய்த வேலைகளை இங்கே எழுதுகிறேன். எம்.எஸ்சி. முடித்துக் கடல் நுண்ணுயிரியலுக்குள் வருகிறவர்களுக்குப் பாடப்புத்தகத்தில் கிடைக்காத சில்லறை விஷயங்கள் இதில் நிறைய உண்டு. பேரினத்தின் பெயரையும், நாங்கள் யோசித்து வைத்திருக்கும் சிற்றினப் பெயரையும் சொல்லப்போவதில்லை. கட்டுரை அச்சாகும் முன்னே பெயர் வெளியே சுற்ற ஆரம்பித்தால் பின்னால் தலைவலி. ஆய்வகக் குறியீடு கே-41. அப்படியே அழைப்போம்.

நீர் எடுத்த இடம்

சென்னையில் கடல்நீருக்குப் பஞ்சமில்லை. ஆனால் எந்தக் கடல்நீர் என்பது முக்கியம். காசிமேடு துறைமுகத்துக்குள் எடுத்தால் டீசலும் மீன் கழிவும் சேர்ந்து வரும். எண்ணெய் தின்னும் பாக்டீரியா வேண்டுமென்றால் அங்கே போகலாம். அடையாறு முகத்துவாரத்தில் ஆற்றுச் சாக்கடையோடு வருகிற கூட்டம்தான் பிளேட்டை, அதாவது வளர்ப்புத் தட்டை, நிரப்பும். எங்களுக்கு வேண்டியது கடற்பாசிகளை ஒட்டி வாழும் பாக்டீரியா. அதனால்தான் கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே போய், கோவளத்தில் பாறைகளும் கரையில் கொட்டிய கற்களும் இருக்கும் பக்கம் தேர்ந்தெடுத்தோம். கற்களின்மேல் உல்வா என்ற பாசி பச்சைப் பசேலென்று படர்ந்திருக்கும். சிவப்புப் பாசிகளும் ஆங்காங்கே ஒட்டிக்கொண்டிருக்கும்.

ஃபைபர் படகில் கூட்டிப்போன அண்ணனுக்கு இது வேடிக்கையாக இருந்தது. "இன்னாமா, தண்ணி எடுக்கவா இவ்ளோ தூரம்? கரையிலயே மொண்டுக்கினு போலாமே" என்றார். அலை உடைகிற இடத்தில் மணல் கலங்கியிருக்கும், கரையிலிருந்து வடிகிற நல்ல தண்ணீரும் சேரும் என்று சொன்னேன். "அது சரி, வாடைக்காத்து அடிக்கிற மாசத்துல எங்க மொண்டாலும் கலங்கல்தான்" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இந்தக் கரையோர நீரோட்டம் தெற்கு நோக்கித் திரும்புகிறது. வங்காள விரிகுடாவின் வடபகுதியில் பெரிய ஆறுகள் கொட்டிய நீர் கலந்த, உப்பு குறைந்த தண்ணீர் அதோடு கீழே வருகிறது. சராசரிக் கடல்நீரில் கிலோவுக்கு 35 கிராம் உப்பு என்று புத்தகத்தில் படிக்கிறோம். மார்கழியில் சென்னைக் கரையில் உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் அதைக் காட்டாது. நீர் எடுத்த நாளின் உப்பு, வெப்பநிலை, பிஎச் மூன்றையும் அங்கேயே எழுதிவிட வேண்டும். சிற்றினத்தை விவரிக்கும்போது, எங்கிருந்து எந்த நிலையில் பிரித்தீர்கள் என்று கேட்பார்கள்.

எடுக்கும் முறை எளிது. ஆட்டோகிளேவ் செய்த (அழுத்த நீராவியில் கிருமி நீக்கிய) கண்ணாடி பாட்டிலை மூடியோடு நீருக்குள் முழங்கை ஆழம் இறக்கி, உள்ளேயே மூடியைத் திறக்க வேண்டும். பாட்டிலின் வாய் நீரோட்டத்தை எதிர்நோக்கி இருக்கட்டும். அப்போதுதான் கையில் இருக்கிற பாக்டீரியா உள்ளே போகாது. மேற்பரப்புப் படலத்தில் மிதக்கும் அழுக்கும் வராது. ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே பிளேட்டில் போட்டுவிட வேண்டும். சித்திரை வெயிலில் பாட்டிலைக் காருக்குள் விட்டால், வேகமாக வளர்கிற நாலைந்து வகைகள் மட்டும் பெருகி மற்றதை அமுக்கிவிடும்.

பிளேட்டில் காத்திருப்பு

ஒரு மில்லிலிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ பத்து லட்சம் பாக்டீரியாக்கள் இருக்கும். நுண்நோக்கியில் சாயமிட்டுப் பார்த்தால் தெரியும். அதே நீரைப் பிளேட்டில் பரப்பினால் சில நூறோ சில ஆயிரமோதான் காலனியாக வளரும். 1985இல் ஸ்டேலியும் கோனோப்காவும் இந்த இடைவெளியைப் பிரபலமாக்கினார்கள். ஒரு சதவீதத்துக்கும் குறைவானதே நம் மீடியத்தில் வளர்கிறது. ஆகவே பிளேட்டில் வந்தது கடலின் பிரதிநிதி என்று நினைத்துவிடக் கூடாது. நாம் வைத்த சாப்பாடு யாருக்குப் பிடித்ததோ அவர்கள்தான் வந்திருக்கிறார்கள்.

நாங்கள் பயன்படுத்தியது ஸோபெல் மரைன் அகார் 2216. கலிஃபோர்னியாவின் ஸ்கிரிப்ஸ் கடலியல் நிறுவனத்தில் கிளாட் ஸோபெல் 1941இல் வெளியிட்ட மீடியம், இன்றைக்கும் பொடியாக டப்பாவில் கிடைக்கிறது. லிட்டருக்கு 5 கிராம் பெப்டோன், 1 கிராம் ஈஸ்ட் எக்ஸ்ட்ராக்ட், அதோடு கடல்நீரின் உப்புகள். கடல் பாக்டீரியாவுக்கு இதுவே பெரிய விருந்து. பட்டினிக்குப் பழகியவை இந்த விருந்தில் வளராமலே போகும். அதனால் பாதி அளவு, பத்தில் ஒரு பங்கு அளவு என்று நீர்த்த மீடியமும் கூடவே ஊற்றினோம். கே-41 வந்தது பத்தில் ஒரு பங்கு பிளேட்டில்தான்.

நீர்ப்பதற்குக் காய்ச்சி வடித்த நீரை எடுக்கவே கூடாது. உப்புக்குப் பழகிய செல்லை நல்ல தண்ணீரில் போட்டால் உப்பி வெடித்துவிடும். வடிகட்டி ஆட்டோகிளேவ் செய்த அதே கடல்நீரைத்தான் பயன்படுத்த வேண்டும்.

இரண்டாம் நாளே பிளேட் நிரம்பிவிடும். அவசரப்படுகிறவர்கள் அன்றைக்கே எல்லாவற்றையும் பொறுக்கி எடுத்துவிட்டுப் பிளேட்டைத் தூக்கி எறிவார்கள். முதலில் வருகிறவை பெரும்பாலும் விப்ரியோ, ஆல்டெரோமோனாஸ், ஸ்யூடோஆல்டெரோமோனாஸ் வகைகள். விப்ரியோ ஆல்ஜினோலிட்டிகஸ் வந்துவிட்டால் கல்லில் ஊற்றிய தோசை மாவுபோல் பிளேட் முழுக்கப் பரவிவிடும். பிளேட்டுகளைப் பாராஃபில்ம் சுற்றிக் கவிழ்த்து, 28 டிகிரியில் இரண்டு வாரத்துக்குமேல் வைத்திருந்தோம். புதிது தேடுகிறவர்களுக்கு இரண்டாவது வாரம்தான் அறுவடை.

அப்போதுதான் ஜூனியர் பெண் ஒருத்தி ஒரு பிளேட்டைக் கொண்டுவந்து, "அக்கா, இந்த பிளேட் காஞ்சுபோச்சு, ஓட்டை ஓட்டையா இருக்கு, போட்டுடவா?" என்று கேட்டாள். ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். காய்ந்த அகார் விளிம்பில் சுருங்கும், நடுவில் குழி விழாது. இங்கே ஒவ்வொரு குழியின் அடியிலும் மெல்லிய மஞ்சள் காலனி. விளிம்பு ஒழுங்கில்லாமல் விரல் விரலாகப் பரவியிருந்தது. தன் காலுக்குக் கீழே இருக்கும் தரையையே தின்றுகொண்டிருக்கிற பாக்டீரியா.

அகார் சிவப்புக் கடற்பாசிகளின் செல்சுவரில் உள்ள சர்க்கரைச் சங்கிலி. கிராசிலேரியா, ஜெலிடியம் பாசிகளிலிருந்து எடுக்கிறோம். நுண்ணுயிரியலில் அது திடப்பொருளாக நிலைத்ததற்குக் காரணமே பெரும்பாலான பாக்டீரியாக்களால் அதைச் செரிக்க முடியாது என்பதுதான். பாசி மேல் வாழ்ந்து பழகிய கடல் பாக்டீரியாக்கள் சிலவற்றுக்கு மட்டும் அகாரேஸ் நொதி உண்டு. லூகால் அயோடினை ஊற்றினால் உறுதியாகிவிடும். அகார் பழுப்பாகும், செரித்த இடம் வெளிறி வட்டமாகத் தெரியும். ஊற்றிய பிளேட்டில் பிறகு எதுவும் பிழைக்காது, ஆகவே நகல் பிளேட்டில் மட்டும் செய்யுங்கள்.

குழிக்குள் இருந்த இரண்டாவது ஆள்

முதல் கட்டச் சோதனைகளில் வியப்பு ஒன்றுமில்லை. கிராம் நெகட்டிவ், அதாவது கிராம் சாயத்தைப் பிடித்துவைக்காத வகை. சாயம் போட்ட ஸ்லைடில் சந்தேகம் வந்தால் 3 சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் காலனியைக் குழைத்து லூப்பைத் தூக்கிப் பாருங்கள், நூல் மாதிரி இழுபட்டால் நெகட்டிவ். கேட்டலேஸ், ஆக்சிடேஸ் என்ற நொதிச் சோதனைகள் இரண்டும் பாசிட்டிவ். ஆக்சிடேஸ் சோதனைக்கு நிக்ரோம் லூப் வேண்டாம், இரும்பு கலந்த கம்பியே நீலநிறம் காட்டி ஏமாற்றும். பல் குத்தும் குச்சி போதும். மஞ்சள் நிறமி ஃப்ளெக்சிருபின் வகையா என்று பார்க்க, காலனி மேல் 20 சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு. சிவந்து பழுப்பானால் ஃப்ளெக்சிருபின். இதில் மாறவில்லை, கரோட்டினாய்டு வகையாக இருக்கலாம் என்று குறித்தோம். மஞ்சள் நிறம், விரல்விரலாக வழுக்கிப் பரவும் இயக்கம், பாசிச் சர்க்கரை மேல் ஆசை மூன்றும் சேர்ந்தால் ஃப்ளேவோபாக்டீரியேசி குடும்பத்தின் வாசனை அடிக்கும்.

பிறகு 16எஸ். ரைபோசோமின் சிறிய துணை அலகில் உள்ள ஆர்என்ஏவுக்கான மரபணு இது, ஏறத்தாழ 1,500 எழுத்து நீளம். எல்லாப் பாக்டீரியாவிலும் உண்டு, சில பகுதிகள் அசையாமலும் சில பகுதிகள் மாறிக்கொண்டும் இருக்கும். 1977இல் கார்ல் வூஸும் ஜார்ஜ் ஃபாக்ஸும் இதே ஆர்என்ஏவை வைத்துத்தான் ஆர்க்கியாக்களைத் தனியாகப் பிரித்தார்கள். அதைப் பெருக்க, இரு முனைகளிலும் ஒட்டும் சிறு டிஎன்ஏ துண்டுகளான 27எஃப், 1492ஆர் என்ற ப்ரைமர் ஜோடி எந்த ஆய்வகத்து ஃப்ரீஸரிலும் இருக்கும்.

மரபணுவைப் பல பிரதிகளாகப் பெருக்கும் எங்கள் பிசிஆர் முதலில் வேலை செய்யவில்லை. காலனியைச் சுரண்டும்போது கரைந்த அகாரும் சேர்ந்து வந்துவிடுகிறது. அந்தச் சர்க்கரைச் சங்கிலி பாலிமரேஸ் நொதியைத் தடுக்கிறது. திரவ மீடியத்தில் வளர்த்து, மையவிலக்கில் செல்லை மட்டும் பிரித்து டிஎன்ஏ எடுத்தபிறகு 1.5 கிலோபேஸ் (1,500 எழுத்து) இடத்தில் பளிச்சென்று பட்டை விழுந்தது. பட்டை பார்க்கிற ஜெல்லும் அகாரோஸ், கே-41க்குப் பிடித்த அதே உணவு. மின்முனைகளுக்கு நடுவே அதன் சாப்பாட்டிலேயே அதன் டிஎன்ஏ ஓடுவதைப் பார்த்து நாங்கள் சிரித்துக்கொண்டோம்.

டிஎன்ஏ எழுத்து வரிசையைச் சேங்கர் முறையில் படித்து வந்த கோப்பைத் திறந்தால், ஆரம்ப எழுத்துகள் சுத்தம். முதல் மாறும் பகுதி வந்ததும் ஒன்றன்மேல் ஒன்றாக இரட்டை முகடுகள், அதற்கப்புறம் கடைசிவரை சரியாகவே இல்லை. பலர் இந்த இடத்தில் மென்பொருள் கொடுத்த எழுத்துகளை அப்படியே நகலெடுத்துத் தேடலில் போட்டுவிடுகிறார்கள். முகடுகள் தெரியும் அந்த வரைபடமான குரோமட்டோகிராமைக் கண்ணால் பார்க்காமல் ஒரு எழுத்தையும் நம்பாதீர்கள். ஒரே பாக்டீரியாவுக்குள் 16எஸ் மரபணு பல பிரதிகள் இருந்து அவற்றுக்குள் சிறு வேறுபாடு இருந்தாலும் இரட்டை முகடு வரும். ஆனால் அது இரண்டு மூன்று இடங்களில் மட்டும் தலைகாட்டிவிட்டுப் போய்விடும். பாதி வழியிலிருந்து முழுக்கக் குழம்பினால், குழாய்க்குள் இரண்டு பேர் இருக்கிறார்கள்.

தனித்தனிக் காலனிகளாகப் பிரிய, பிளேட்டில் கோடு கோடாக இழுத்து மறுபடி மறுபடி ஸ்ட்ரீக் செய்தும் பிரியவில்லை. காரணம் பிறகு புரிந்தது. கே-41 அகாரை உடைத்துச் சின்னச் சர்க்கரைகளாக்குகிறது. அதைத் தானே முழுக்க உறிஞ்சிவிடுவதில்லை. அகாரைச் செரிக்கத் தெரியாத இன்னொரு பாக்டீரியா அதே குழிக்குள் உட்கார்ந்து சிந்தியதைத் தின்கிறது. நிறமற்றது, மஞ்சளுக்கு அடியில் கண்ணுக்கே தெரியாது. அகார் பிளேட்டில் வைத்திருக்கும்வரை இவர்களைப் பிரிக்க முடியாது, சோறு போடுகிறவரை விட்டு யார் போவார்கள்?

தீர்வு, அகாரையே விலக்கிவிட்டு ஜெல்லான் கம் கொண்டு பிளேட் செய்வது. ஜெல்லானும் ஒரு பாக்டீரியா தயாரிக்கும் சர்க்கரைச் சங்கிலிதான், ஆனால் அகாரேஸ் அதைத் தொடாது. கடல் மீடியத்தோடு சேர்த்தால் ஒரு தொல்லை: ஜெல்லான் மெக்னீசியம், கால்சியம் அயனிகளைப் பிடித்துத்தான் இறுகுகிறது, கடல் உப்பில் அவை தாராளம். ஒன்றாகப் போட்டு ஆட்டோகிளேவ் செய்தால் கட்டி கட்டியாக நிற்கும். ஜெல்லானைத் தனி ஃப்ளாஸ்க்கில், உப்புகளைத் தனி ஃப்ளாஸ்க்கில் வைத்து, இரண்டும் கொதிசூட்டில் இருக்கும்போதே கலந்து மளமளவென்று ஊற்ற வேண்டும். அகார்போல 50 டிகிரிக்கு ஆறட்டும் என்று காத்திருந்தால் ஃப்ளாஸ்க்கிலேயே இறுகிவிடும். திரவத்தில் வளர்த்ததைக் கண்ணாடி மணிகளோடு வோர்டெக்ஸ் கருவியில் வேகமாகக் குலுக்கி கூட்டத்தைக் கலைத்து, நீர்த்து, ஜெல்லான் பிளேட்டில் பரப்பினோம். மஞ்சள் காலனி தனியே, கண்ணாடிபோன்ற குட்டிக் காலனி தனியே வந்தது. குட்டி ஏற்கெனவே பெயருள்ள சாதாரண ஆள். மஞ்சளின் சீக்வென்ஸ் இப்போது தலை முதல் கால்வரை சுத்தம். உடனே 20 சதவீத கிளிசராலில் கலந்து மைனஸ் 80இல் பல குழாய்களாக வைத்தோம். ஒரே ஃப்ரீஸரை நம்பாமல் வேறு கட்டடத்து ஃப்ரீஸரிலும் ஒரு பிரதி. சென்னையில் மே மாதம் மின்சாரம் போகும்போது இதன் அருமை தெரியும்.

யாரோடு ஒப்பிடுவது

சீக்வென்ஸை என்சிபிஐ தரவுத்தளத்தின் பிளாஸ்ட் தேடலில் போட்டால் முதல் பக்கம் முழுக்க, வளர்க்கப்படாத பாக்டீரியா என்ற பெயரில் பொருத்தங்கள். கடல்நீரிலிருந்து நேரடியாக டிஎன்ஏ எடுத்துப் படித்தவர்கள் போட்ட பதிவுகள் அவை. பெயரிடாத ஒன்றோடு ஒப்பிட்டு நம் பாக்டீரியாவுக்குப் பெயர் சொல்ல முடியாது. தவறான பெயரோடு ஏற்றிய பதிவுகளும் அங்கே உண்டு. சிற்றினம் பற்றிய கேள்விக்கு ஒப்பீடு டைப் ஸ்ட்ரெயினோடு மட்டும்தான் செல்லும். அதாவது அந்தச் சிற்றினத்துக்குப் பெயர் வைத்தபோது ஆதாரமாக வைத்த அதே வளர்ப்பு. பிளாஸ்ட்டிலேயே அதற்கு வடிகட்டி இருக்கிறது. கொரியாவிலிருந்து நடக்கும் ஈஸிபயோகிளவுட் தளத்தில் அந்த ஒப்பீடு நேரடியாகவே கிடைக்கும். பெயர் இன்னும் செல்லுபடியாக இருக்கிறதா, வேறு பேரினத்துக்கு மாற்றிவிட்டார்களா என்பதை எல்பிஎஸ்என் என்ற பாக்டீரியாப் பெயர்ப் பட்டியலில் பார்க்க வேண்டும்.

எல்லைக்கோடு நகர்ந்துகொண்டே வந்திருக்கிறது. 1994இல் ஸ்டேக்கெப்ராண்டும் கோபலும் 16எஸ் ஒற்றுமை 97 சதவீதத்துக்குக் கீழே என்றால் வேறு சிற்றினம் என்றார்கள். 2006இல் அதே ஸ்டேக்கெப்ராண்ட் எபர்ஸோடு சேர்ந்து 98.7 முதல் 99 வரை உயர்த்தினார். 2014இல் கொரியக் குழு ஆயிரக்கணக்கான ஜீனோம்களை (முழு மரபணுத் தொகுதிகளை) வைத்து 98.65 என்று சொன்னது. இப்போது எல்லோரும் 98.7 என்று வைத்துக்கொள்கிறார்கள். கே-41 அந்தக் கோட்டுக்குக் கொஞ்சம்தான் கீழே நின்றது. குழுவில் ஒரு தம்பி அன்றைக்கே இனிப்பு வாங்கி வரக் கிளம்பிவிட்டான். ஆய்வை வழிநடத்தும் மேடம் நிறுத்தினார். "கோட்டுக்குக் கீழே இருந்தா மேற்கொண்டு பாரு, மேலே இருந்தாலும் ஜீனோம் பாரு. இந்த நம்பர் ஒரு வாசற்கதவு, அவ்வளவுதான்" என்றார். எனக்கும் அதே கருத்துதான். 16எஸ் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு புதிய சிற்றினம் கண்டுபிடித்தோம் என்று செய்தி கொடுப்பதைப் பார்க்கும்போது எரிச்சல் வருகிறது.

ஜீனோமில் நிலைமை தெளிவாகும். பழைய காலத்தில் இரண்டு பாக்டீரியாவின் டிஎன்ஏவைச் சூடாக்கிப் பிரித்து, ஒன்றோடொன்று சேர விட்டு, 70 சதவீதத்துக்குக் கீழே சேர்ந்தால் வேறு சிற்றினம் என்பார்கள். 1987இல் வேய்னும் மற்றவர்களும் வகுத்த வரையறை. அந்தச் சோதனை ஆய்வகத்துக்கு ஆய்வகம் மாறும், சித்திரவதை. இப்போது ஜீனோமைப் படித்துக் கணினியில் சராசரி நியூக்ளியோடைடு ஒற்றுமையைக் கணக்கிடுகிறோம். 95 முதல் 96 சதவீதத்துக்குக் கீழே என்றால் தனிச் சிற்றினம். டிஜிட்டல் டிஎன்ஏ கலப்பு மதிப்புக்கு அதே பழைய 70தான் கோடு.

ஜீனோம் கோப்பு கையில் வந்ததும் முதல் வேலை, அதற்குள்ளிருக்கும் 16எஸ்ஸை வெளியே எடுத்து, நாம் தனியாகச் சேங்கர் முறையில் படித்ததோடு ஒப்பிடுவது. 2018இல் வெளியான குறைந்தபட்சத் தரவிதிகளே இதைக் கேட்கின்றன. ஜீனோம் அனுப்பிய குழாயில் வேறு ஏதாவது போயிருந்தால் இங்கேயே பிடிபடும். கூட்டாளிக் கதை தெரிந்தபிறகு எங்களுக்கு இதில் சந்தேகம் அதிகமாகவே இருந்தது. ஜீனோமில் மாசு இருக்கிறதா என்று பார்க்கும் செக்எம் மென்பொருளை ஓட்டினோம், மாசு ஒரு பொருட்டே இல்லாத அளவு. பிறகு ஒப்பிட்டோம். மிக நெருங்கிய உறவினரோடும் கே-41இன் ஒற்றுமை 95க்குக் கணிசமாகக் கீழே நின்றது. இனிப்பு அன்றைக்கு வந்தது.

ஜீனோமில் என்னை அதிகம் ஈர்த்தது அந்த எண் அல்ல. அகாரை வெட்டும் நொதிகளின் மரபணுக்கள், கிளைக்கோசைடு ஹைட்ரோலேஸ் குடும்பங்களான 16, 50, 86 ஆகியவற்றைச் சேர்ந்தவை, சர்க்கரையைப் பிடித்து உள்ளே இழுக்கும் புரதங்களின் மரபணுக்களோடு பக்கத்தில் பக்கத்தில் வரிசையாக அமர்ந்திருந்தன. ஃப்ளேவோபாக்டீரியேசி அடங்கிய பாக்டீராய்டோட்டா (முன்பு பாக்டீராய்டீட்டீஸ்) பிரிவில் இது வழக்கமான அமைப்பு. குழியை ஏன் பறித்தது என்பதற்குப் பதில் மூன்று நான்கு மரபணுக் கொத்துகளில் எழுதியிருந்தது.

ஒரே அலமாரியில் அண்ணன் தம்பிகள்

உழைப்பில் பெரும்பகுதி போனது இங்கேதான், ஆய்வுக் கட்டுரையில் ஒரு அட்டவணையாக மட்டும் நிற்கப் போகிற பகுதி. நெருங்கிய உறவினர்களின் டைப் ஸ்ட்ரெயின்களை வாங்கி, கே-41ஓடு சேர்த்து ஒரே மீடியம், ஒரே இன்குபேட்டர், ஒரே நாளில் வளர்த்து ஒப்பிட வேண்டும். முந்தைய கட்டுரையில் 37 டிகிரியில் வளரவில்லை என்று எழுதியிருக்கிறார்கள் என்று அதை எடுத்து அட்டவணையில் போட்டால் விமர்சகர் திருப்பி அனுப்புவார், அது சரியும்கூட. அவர்கள் எந்த மீடியத்தில் எத்தனை நாள் பார்த்தார்கள் என்பது நமக்கு எப்படித் தெரியும்?

ஸ்ட்ரெயின்கள் சிலவற்றை நம் நாட்டுச் சேகரிப்பகங்களிலேயே வாங்கலாம். சண்டிகரில் எம்டிசிசி, புனேயில் எம்சிசி. மற்றவை ஜெர்மனியின் டிஎஸ்எம்இஸட்டிலிருந்தோ ஜப்பானின் ஜேசிஎம்மிலிருந்தோ உறைபொடியாகக் கண்ணாடிக் குப்பியில் வரும். இறக்குமதி அனுமதியும் சுங்கமும் எடுக்கும் காலத்தை முன்கூட்டியே கணக்கில் வையுங்கள். வந்ததும் முதலில் ஒவ்வொன்றின் 16எஸ்ஸையும் படித்துச் சரிதானா என்று பாருங்கள்.

உப்புச் சோதனையில் சாதாரண பாட மீடியத்தை எடுத்து உப்பைக் கூட்டிக் குறைப்பது போதாது. மரைன் ப்ராத்தின் (அகார் சேர்க்காத அதே மீடியத்தின்) மற்ற உப்புகள் அத்தனையும் அப்படியே இருக்க, சோடியம் குளோரைடு மட்டும் 0 முதல் 10 சதவீதம் வரை மாற வேண்டும். அப்போதுதான் பாக்டீரியாவுக்குச் சோடியமே வேண்டுமா, மெக்னீசியமும் வேண்டுமா என்று தெரியும். கே-41 சோடியம் இல்லாமல் அசையவே இல்லை, கடல் பிள்ளை.

பிஎச் சோதனை எங்களை நன்றாக அலைக்கழித்தது. மரைன் ப்ராத்தை 9க்குமேல் ஏற்றினால் மெக்னீசியமும் மற்றவையும் வெள்ளையாக வீழ்படிவாகின்றன. கலங்கலை அளக்கும் கருவி அதையும் வளர்ச்சி என்று படிக்கும். பாக்டீரியா போடாத குழாயைக் கூடவே வைத்து அதன் மதிப்பைக் கழித்தாலும் முழுக்க நம்ப முடியவில்லை. அதனால் அந்தக் குழாய்களிலிருந்து ஒரு சொட்டு எடுத்துப் பிளேட்டில் பரப்பிக் காலனி எண்ணினோம். ஆட்டோகிளேவுக்குப் பின் பிஎச் நகர்ந்துவிடும் என்பதால், தாங்கல் கரைசல் சேர்த்து, சுத்தமான அமிலம் காரம் கொண்டு மறுபடி சரிசெய்வதும் உண்டு.

பல உயிர்வேதிச் சோதனைகளை ஒன்றாகச் செய்யும் ஏபிஐ 20என்இ போன்ற ஆயத்தப் பட்டைகளில் ஒரு எச்சரிக்கை. அவற்றுக்குச் சொல்லியிருக்கும் 0.85 சதவீத உப்புக் கரைசல் மருத்துவமனைப் பாக்டீரியாவுக்கானது. கடல் பாக்டீரியா அதில் சுருண்டுவிடும், எல்லாமே நெகட்டிவ் என்று வரும். செயற்கைக் கடல்நீரில் கலக்குங்கள், அதைக் கட்டுரையிலும் சொல்லுங்கள்.

கொழுப்பு அமிலம், குயினோன் (செல்லின் சுவாசத்துக்கு உதவும் மூலக்கூறு), துருவக் கொழுப்பு ஆகியவற்றைக் கண்டறிய செல்களை வசதியுள்ள வேறு ஆய்வகத்துக்கு அனுப்பினோம். குயினோன் எம்கே-6 மட்டுமே. ஃப்ளேவோபாக்டீரியேசி என்பதற்கு இது கிட்டத்தட்ட அடையாள அட்டை. கொழுப்பு அமிலங்களில் கிளை உள்ள 15 கார்பன் அமிலம் மேலோங்கியிருந்தது, அதுவும் எதிர்பார்த்ததே. ஆனால் கொழுப்பு அமில விகிதம் மீடியத்துக்கும் செல்லின் வயதுக்கும் ஏற்ப மாறும். எல்லா ஸ்ட்ரெயினையும் வளர்ச்சியின் ஒரே கட்டத்தில் அறுவடை செய்து அனுப்பாவிட்டால் ஒப்பீட்டுக்கு அர்த்தமில்லை. வேகமாக வளர்கிற அண்ணனும் மெதுவாக வளர்கிற கே-41உம் ஒரே கட்டத்துக்கு வர, விதைக்கும் நேரத்தை முன்பின்னாக வைக்க வேண்டியிருந்தது. இரவு பதினொரு மணிக்கு விதைத்தால்தான் மறுநாள் பகலில் அறுவடை சேர்ந்து வரும்.

பெயரும் காகிதமும்

பெயர் வைப்பதற்கு விதிநூல் உண்டு. ஊரின் பெயரோடு லத்தீன் ஈறு சேர்க்கலாம், பேரினத்தின் பாலோடு அது ஒத்துப் போக வேண்டும். தன் பெயரைத் தானே வைத்துக்கொள்வது மரபில்லை. விளக்கத்தை, பாக்டீரியாப் பெயர்களுக்கான அதிகாரபூர்வ இதழான ஐஜெஎஸ்இஎம் இதழில் வெளியிட வேண்டும், அல்லது வேறு இதழில் வந்த பெயர் அதன் செல்லுபடிப் பட்டியலில் ஏற வேண்டும். அதுவரை அது சட்டப்படி பெயரே ஆகாது.

டைப் ஸ்ட்ரெயினை வெவ்வேறு இரண்டு நாடுகளில் உள்ள பொதுச் சேகரிப்பகங்களில் வைக்க வேண்டும், யார் கேட்டாலும் கிடைக்க வேண்டும். இந்தியச் சட்டமும் கூடவே வருகிறது. பல்லுயிர்ப் பெருக்கச் சட்டம் 2002இன் 39ஆம் பிரிவு, புதிய வகை கண்டுபிடித்தால் அதற்கென அறிவித்த களஞ்சியத்துக்குத் தெரிவித்து மாதிரியையும் ஒப்படைக்கச் சொல்கிறது. வெளிநாட்டுக்கு வளர்ப்பை அனுப்புமுன் தேசிய பல்லுயிர் ஆணையத்தின் அனுமதி வாங்க வேண்டும். அந்த ஆணையம் தரமணியில் டைசல் பயோ பார்க்கில்தான் இருக்கிறது என்பது சென்னைக்காரர்களுக்கு ஒரு வசதி, படிவத்தில் சந்தேகம் வந்தால் எம்டிசி பஸ்ஸில் போய்விடலாம். அனுமதி வேலையை ஜீனோம் வந்தபிறகு தொடங்காதீர்கள். 16எஸ் கோட்டுக்குக் கீழே நின்ற அன்றைக்கே தொடங்குங்கள். ஆய்வு முடிந்து காகிதத்துக்காகக் காத்திருக்கிற பாக்டீரியாக்கள் பல ஆய்வகங்களின் ஃப்ரீஸரில் தூங்குகின்றன.

வளர்ப்பை ஏற்றுக்கொண்டதாகப் புனே சேகரிப்பகத்திலிருந்து சான்றிதழ் வந்துவிட்டது. வெளிநாட்டுச் சேகரிப்பகம், தாங்கள் உறைய வைத்துப் புதுப்பித்த வளர்ப்பிலிருந்து ஒரு குப்பியைச் சரிபார்க்க எங்களுக்குத் திருப்பி அனுப்பியது. அதைப் பிளேட்டில் போட்டுக் குழி விழுகிறதா என்று பார்த்தோம், 16எஸ்ஸும் மீண்டும் படித்தோம், பொருந்துகிறது.

மீதமிருப்பது ஒரு குறை. ஒரே ஒரு ஸ்ட்ரெயினை வைத்துச் சிற்றினத்தை விவரிப்பது அனுமதிக்கப்பட்டதுதான், இன்றைய புதிய பெயர்களில் பெரும்பாலானவை அப்படித்தான் வருகின்றன. ஆனால் ஒரு ஆளைப் பார்த்து ஊரின் குணம் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. உப்பு எல்லை, நிறம், சர்க்கரை விருப்பம் இவற்றில் எது சிற்றினத்தின் குணம், எது இந்த ஒரு வளர்ப்பின் குணம் என்று இரண்டாவது ஸ்ட்ரெயின் கிடைத்தால்தான் தெரியும். ஜீனோமிலிருந்து கே-41க்கு மட்டும் பொருந்துகிற ப்ரைமர் ஜோடி ஒன்றை வடிவமைத்திருக்கிறோம். மாசி, பங்குனியில் கடல் தெளிந்ததும் கோவளத்துக் கற்களிலும் பழவேற்காட்டுப் பக்கத்துச் சிவப்புப் பாசிகளிலும் தேய்த்தெடுத்து, முதலில் பிசிஆரில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, இருக்கிற மாதிரிகளை மட்டும் ஜெல்லான் பிளேட்டில் போடப் போகிறோம். ஜெல்லானில் குழி விழாது என்பதால், மஞ்சளாக வருகிற ஒவ்வொன்றையும் அகாருக்கு மாற்றிப் பார்த்துத்தான் தேர்வு செய்ய முடியும்.